தொடக்க மதிப்பு இல்லாத மிதப்புப் புள்ளி மாறிகள்: கம்பைலர் எதைப் பிடிக்கும், ஓடும்போது எதைப் பிடிக்கலாம்?

சி நிரலில் ‘டபுள் தொகை;’ என்று ஒரு மிதப்புப் புள்ளி (தசம எண்) மாறியை அறிவித்துவிட்டு, மதிப்பு போட மறந்து, லூப்புக்குள் கூட்டிக்கொண்டே போகிறோம். பல நாள் விடை சரியாகவே வரும், அதுதான் ஆபத்து. இயங்குதளம் புதிதாகக் கொடுக்கும் நினைவகப் பக்கம் முழுக்க பூஜ்யமாக இருக்கும். அந்த மாறி அங்கே விழுந்தால் தவறு வெளியே தெரியாது. நடுவில் வேறொரு ஃபங்ஷன் அதே ஸ்டேக் (ஃபங்ஷன்களின் உள் மாறிகள் தங்கும் நினைவகம்) இடத்தைப் பயன்படுத்திவிட்டுப் போனால்தான் குட்டு உடையும்.

முழு எண்ணில் குப்பை வந்தால் 32767 போன்ற ஒரு எண் கண்ணில் பட்டுவிடும். மிதப்புப் புள்ளியில் அப்படி எளிதில் படாது. 64 பிட் லினக்ஸில் ஸ்டேக்கில் கிடக்கும் பழைய குப்பை பெரும்பாலும் பாயிண்டர் முகவரிகள். அவற்றின் மேல் 16 பிட்டும் பூஜ்யம் என்பதால், டபுளாகப் படித்தால் 6.9 × 10⁻³¹⁰ அல்லது 4.6 × 10⁻³¹⁰ போன்ற மிகமிகச் சிறிய எண் வரும். அதைத் தொகையோடு கூட்டினால் விடையின் ஒரு இலக்கம்கூட மாறாது. டிபக்கரில் ஒரு மாறியை அச்சிடும்போது 6.9-ல் தொடங்கி மைனஸ் 310 அடுக்கில் முடியும் எண்ணைக் கண்டால், அதற்கு யாரும் மதிப்பு போடவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லிவிடலாம்.

இந்த வழிகாட்டி ஜிசிசி (சி, சி++), ஜிஃபோர்ட்ரான் (ஃபோர்ட்ரான்), க்ளாங் (சி, சி++) என்ற மூன்று கம்பைலர்களை மையமாக வைத்தது. ஆப்ஷன்களை உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறோம். டெர்மினலில் தட்டும்போது ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சிறு கோடு வரும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: இரண்டு தனி பில்டுகள்

எச்சரிக்கை ஆப்ஷன்களையும் ஓடும்போது பிடிக்கும் ஆப்ஷன்களையும் ஒரே மேக்ஃபைல் வரியில் கொட்டிவிடுவது மிகப் பரவலான தவறு. ஜிஃபோர்ட்ரானில் ‘எஃப்-இனிட்-ரியல்’ ஆப்ஷனைக் கொடுத்தால், கம்பைலரே மாறிக்கு ஒரு மதிப்பைப் போட்டுவிடும். அதன்பின் கம்பைலர் பார்வையில் அது ‘மதிப்பு இல்லாத மாறி’ அல்ல. அதனால் ‘டபிள்யூ-அன்இனிஷியலைஸ்டு’ எச்சரிக்கை அந்த மாறிக்கு வராது. ஒன்றை இயக்கினால் மற்றது வாய்மூடிக்கொள்ளும்.

மேம்படுத்தல் நிலையும் இடிக்கிறது. ஜிசிசியின் எச்சரிக்கைப் பகுப்பாய்வு முழுமையாக நடக்க ‘ஓ2’ வேண்டும். ஓடும்போது பிடிக்கவோ மேம்படுத்தல் இல்லாத ‘ஓ0’தான் நல்லது. எனவே:

பில்டு 1 (எச்சரிக்கைக்கு): ஓ2, டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா. இனிட் ஆப்ஷன் எதுவும் கூடாது. கிடைக்கும் புரோகிராமை ஓட்டவே தேவையில்லை. எச்சரிக்கைகளைப் படித்துவிட்டுத் தூக்கிப் போடலாம்.

பில்டு 2 (ஓட்டுவதற்கு): ஓ0, ஜி (டிபக் தகவல்), இனிட் ஆப்ஷன்கள் (மாறிகளை நிரப்புபவை), டிராப் ஆப்ஷன்கள் (தவறான கணக்கு நடந்த இடத்திலேயே புரோகிராமை நிறுத்துபவை).

பில்டு 1: கம்பைல் நேரம்

ஜிசிசியில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. எந்த வழியில் போனாலும் மதிப்பு இல்லை என்றால் ‘டபிள்யூ-அன்இனிஷியலைஸ்டு’. சில வழிகளில் மட்டும் இல்லை என்றால் ‘டபிள்யூ-மேபி-அன்இனிஷியலைஸ்டு’. சி, சி++ இரண்டிலும் டபிள்யூ-ஆல் கொடுத்தாலே இரண்டும் வந்துவிடும். ஆனால் இரண்டாவது, மேம்படுத்தல் இயக்கத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். டிபக் பில்டில் ஓ0 வைத்து எச்சரிக்கையே இல்லை என்று நிம்மதி அடைபவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

க்ளாங் வேறு மாதிரி. அதன் பகுப்பாய்வு முன்முனையிலேயே, அதாவது மேம்படுத்தலுக்கு முந்தைய கட்டத்திலேயே, நடப்பதால் ஓ0, ஓ2 வேறுபாடு கிடையாது. ‘டபிள்யூ-சம்டைம்ஸ்-அன்இனிஷியலைஸ்டு’ டபிள்யூ-ஆலுக்குள் உண்டு. ‘டபிள்யூ-கண்டிஷனல்-அன்இனிஷியலைஸ்டு’ டபிள்யூ-ஆலிலும் இல்லை, டபிள்யூ-எக்ஸ்ட்ராவிலும் இல்லை. தனியாகக் கேட்க வேண்டும். அது சில சமயம் வீணாகவும் கத்தும். எண் கணக்குக் கோடுக்கு அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து.

சி கோடை இரண்டு கம்பைலராலும் ஒருமுறை கம்பைல் செய்து பாருங்கள். ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு:

டபுள் குணகம்;
இஃப் (நிலை) குணகம் = 1.0;
ரிட்டர்ன் குணகம் * நீளம்;

நிலை பொய்யானால் குணகத்துக்கு மதிப்பில்லை. ஜிசிசி இதைப் பெரும்பாலும் சொல்லாது. ஒரு வழியில் 1.0, இன்னொரு வழியில் ‘வரையறை இல்லை’. வரையறை இல்லாததை எதுவாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதன் மாறிலிப் பரப்பல் கட்டம் இரண்டையும் 1.0 என்றே ஆக்கிவிடுகிறது. எச்சரிக்கைக் கட்டம் வரும்போது தடயமே இருக்காது. ஜிசிசியின் பிழைப் பட்டியலில் 18501 என்ற எண்ணில் 2004-லேயே பதிவான குறை இது. க்ளாங் இதே மூன்று வரிகளுக்கு உடனே எச்சரிக்கும்.

கம்பைல் நேரத்தில் பெரும்பாலும் பிடிபடாதவையும் உண்டு. மாறியின் முகவரியை வேறொரு ஃபங்ஷனுக்கு அனுப்பினால், அது உள்ளே நிரப்பும் என்று கம்பைலர் நம்பிவிடும். ஃபோர்ட்ரானில் சப்ரூட்டீனுக்கு அனுப்பும் எல்லா மாறிகளுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். அரேயில் 100 இடத்தில் 99-ஐ மட்டும் நிரப்பியிருந்தால் தெரியாது. ஹீப்பில் (ஓடும்போது கேட்டுப் பெறும் நினைவகம்) எடுத்த இடமும் பெரும்பாலும் அப்படியே. சி++ கிளாஸ் உறுப்பு ஒன்றை கன்ஸ்ட்ரக்டரில் மறந்துவிட்டாலும் டபிள்யூ-ஆல் பெரும்பாலும் சும்மா இருக்கும். அதற்கு ‘டபிள்யூ-எஃப்-சி++’ ஆப்ஷனையோ க்ளாங்-டைடி என்ற கோடு சோதனைக் கருவியின் ‘புரோ-டைப்-மெம்பர்-இனிட்’ சோதனையையோ தனியே ஓட்ட வேண்டும்.

ஃபோர்ட்ரானில் இன்னொன்று: ‘இம்ப்ளிசிட் நன்’ (எல்லா மாறியையும் அறிவித்தே ஆக வேண்டும் என்ற கட்டளை) இல்லாத பழைய கோடில் எழுத்துப்பிழை ஒன்று புதிய ரியல் (மிதப்புப் புள்ளி) மாறியையே உருவாக்கிவிடும். எதைத் தேடுவதற்கு முன்னும் ‘எஃப்-இம்ப்ளிசிட்-நன்’ கொடுத்து ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே கழன்றுவிடலாம்.

நேனில் இரண்டு வகை: இதைக் குழப்பினால் பில்டு 2 பயனற்றது

ஐட்ரிபிள்இ 754 என்ற மிதப்புப் புள்ளித் தரத்தின் டபுளில் 1 பிட் குறி, 11 பிட் அடுக்கு, 52 பிட் பின்னம். அடுக்கு பிட்டுகள் எல்லாம் 1, பின்னம் பூஜ்யமல்ல என்றால் அது ‘எண் அல்ல’, அதாவது நேன். பின்னத்தின் முதல் பிட் 1 என்றால் குவைட் நேன், 0 என்றால் சிக்னலிங் நேன். எக்ஸ்86, ஆர்ம் சிப்புகளில் இப்படித்தான். பழைய மிப்ஸ் சிப்புகளில் தலைகீழ்.

குவைட் நேனைக் கூட்டினாலும் பெருக்கினாலும் இன்னொரு நேன் வரும், வேறு சத்தம் இல்லை. சிக்னலிங் நேன் கணக்குக்குள் நுழைந்த கணமே ‘இன்வேலிட்’ விதிவிலக்கை எழுப்பும். அந்த விதிவிலக்கு முகமூடி போட்டு மூடியிருக்கும் வரை, அதாவது சாதாரண நிலையில், அதுவும் குவைட் நேனாக மாறி அமைதியாகப் போய்விடும். ஆகவே இரண்டு வேலை சேர்ந்து நடக்க வேண்டும்: மாறிகளைச் சிக்னலிங் நேனால் நிரப்ப வேண்டும், இன்வேலிட் டிராப்பைத் திறந்துவிடவும் வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் எதுவும் நடக்காது.

‘எஃப்-இனிட்-ரியல்=நேன்’ என்று போட்டு டிராப்பையும் திறந்துவிட்டு, ‘ஒன்றும் பிடிபடவில்லை, கோடு சுத்தம்’ என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது. அங்கே நிரப்பப்பட்டது குவைட் நேன். கூட்டல் பெருக்கலில் அது டிராப் ஆகாது. பெரிது-சிறிது ஒப்பீடு போன்ற சிலவற்றில் மட்டும் ஆகும். போட வேண்டியது ‘எஸ்நேன்’.

பில்டு 2: ஜிஃபோர்ட்ரான்

1. எல்லா ஃபைல்களுக்கும்: ஜி, ஓ0, எஃப்-பேக்டிரேஸ், எஃப்-இனிட்-ரியல்=எஸ்நேன்.

2. டிராப்: எஃப்-எஃப்பிஇ-டிராப்=இன்வேலிட்,ஜீரோ,ஓவர்ஃப்ளோ. இது மெயின் புரோகிராம் உள்ள ஃபைலைக் கம்பைல் செய்யும்போது கட்டாயம் இருக்க வேண்டும். மெயின் சி++-ல், கணக்கு மட்டும் ஃபோர்ட்ரானில் என்றால் இந்த ஆப்ஷனால் பயன் இல்லை. அடுத்த பகுதியில் உள்ள வழியில் சி பக்கமிருந்து திறக்க வேண்டும். ‘அண்டர்ஃப்ளோ’, ‘இனெக்ஸாக்ட்’ இரண்டையும் சேர்க்காதீர்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினாலே இனெக்ஸாக்ட் எழும்பிவிடும்.

3. முழு எண் மாறிகளுக்கு நேன் கிடையாது. எஃப்-இனிட்-இன்டிஜர் ஆப்ஷனில் மைனஸ் 99999999 போல அடையாளம் தெரியும் எண் ஒன்றைக் கொடுங்கள்.

4. டிரைவ்டு டைப் உறுப்புகளுக்கு எஃப்-இனிட்-டிரைவ்டு தனியே வேண்டும். ஜிசிசி 7 முதல் உண்டு.

5. பொறி (டிராப்) வேலை செய்கிறதா என்று முதலில் சோதியுங்கள். ஒரு ரியல் மாறியை அறிவித்து, மதிப்பு போடாமல் 1.0 கூட்டி அச்சிடும் ஐந்து வரிப் புரோகிராம் போதும். அது சிக்எஃப்பிஇ (மிதப்புப் புள்ளிப் பிழை) சிக்னலில் சாக வேண்டும். சாகவில்லை என்றால் பெரிய புரோகிராமை ஓட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆவணத்திலேயே உள்ள வரம்பு: பாயிண்டர் மாறிகள், அலொகேட்டபிள் அரேக்கள், ஈக்விவலென்ஸில் வரும் மாறிகள் மூன்றையும் எஃப்-இனிட் குடும்பம் தொடாது. இன்றைய ஃபோர்ட்ரான் கோடில் பெரிய அரே எல்லாமே அலொகேட்டபிள்தான், எனவே ஓட்டை சின்னதல்ல. அலொகேட் வரிக்கு அடுத்த வரியில், டிபக் பில்டில் மட்டும், ஐட்ரிபிள்இ-அரித்மெட்டிக் மாட்யூலின் ‘ஐட்ரிபிள்இ-வேல்யூ’ ஃபங்ஷனால் சிக்னலிங் நேனை நிரப்புவதுதான் நேரான வழி. எல்லா அலொகேட்டையும் ஒரே சப்ரூட்டீன் வழியாகச் செய்யும் கோடாக இருந்தால் இது பத்து நிமிட வேலை.

இன்டெல் கம்பைலர் வைத்திருப்பவர்களுக்கு இணையானவை: ‘இனிட்=எஸ்நேன்,அரேஸ்’, கூடவே ‘எஃப்பிஇ0’. ‘அரேஸ்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் ஒற்றை மாறிகள் மட்டுமே நிரம்பும். நாக் கம்பைலரின் ‘சி=அன்டிஃபைன்டு’ இந்த வேலைக்கு மிகக் கறாரான ஒன்று. ஆனால் புரோகிராமின் எல்லாப் பகுதிகளையும் அதே ஆப்ஷனோடு கம்பைல் செய்தாக வேண்டும். ‘சி=ஆல்’ கொடுத்தால் அது சேர்ந்து வராது என்பதையும் கவனிக்கவும்.

பில்டு 2: சி, சி++

ஜிசிசியின் சி பக்கத்தில் எஃப்-இனிட்-ரியல் கிடையாது. நெருங்கிய ஒன்று ‘எஃப்-டிரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்=பேட்டர்ன்’. க்ளாங் 8-லும் ஜிசிசி 12-லும் வந்தது. பெயர் ஒன்று, நிரப்புவது வேறு. க்ளாங் மிதப்புப் புள்ளி மாறியின் எல்லா பிட்டுகளையும் 1 ஆக்குகிறது. அது ஒரு குவைட் நேன், விடை வரை தொற்றிக்கொண்டே போகும். ஜிசிசி ஒவ்வொரு பைட்டிலும் 254 என்ற மதிப்பைப் போடுகிறது. டபுளாகப் படித்தால் சுமார் மைனஸ் 5.3 × 10³⁰³; ஃப்ளோட்டாகப் படித்தால் சுமார் மைனஸ் 1.69 × 10³⁸. இது நேன் அல்ல, உண்மையான எண். எனவே ஜிசிசியில் இன்வேலிட் டிராப் மட்டும் போதாது, ஓவர்ஃப்ளோவையும் திறக்க வேண்டும். அதை வர்க்கப்படுத்தினாலே ஓவர்ஃப்ளோ ஆகிவிடும். கூட்டினால் ஆகாது, ஆனால் அந்த அளவு எண் விடையில் வந்தால் யாருக்கும் தெரியும்.

ஒரு நல்ல செய்தி: ஃபோர்ட்ரானின் எஃப்-இனிட் போல் அல்லாமல், ஜிசிசியின் இந்த ஆப்ஷன் எச்சரிக்கைகளை அணைப்பதில்லை. ஆனாலும் ஓ0, ஓ2 முரண்பாடு இருக்கவே இருக்கிறது.

குறிப்பிட்ட மாறி மேல் சந்தேகம் இருந்தால், நியூமெரிக்-லிமிட்ஸ் டெம்ப்ளேட்டின் சிக்னலிங்-நேன் மதிப்பைக் கையாலேயே போடுங்கள். டிராப்பைத் திறப்பது மெயினின் முதல் வரியில்: ‘எஃப்இ-எனேபிள்-எக்செப்ட்’ ஃபங்ஷனுக்கு இன்வேலிட், டிவ்-பை-ஜீரோ, ஓவர்ஃப்ளோ மூன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இது க்னூ சி நூலகத்தின் நீட்சி என்பதால், ஹெட்டர்களுக்கு மேலே ‘க்னூ-சோர்ஸ்’ மேக்ரோவை வரையறுத்தால்தான் கம்பைல் ஆகும். திரெட்டுகளை உருவாக்குவதற்கு முன்பே திறந்துவிடுங்கள். புதிய திரெட் தன்னைத் தொடங்கியவரின் அமைப்பைப் பெற்றுக்கொண்டு பிறக்கும், பின்னால் செய்யும் மாற்றம் அதற்குப் போய்ச் சேராது.

64 பிட் ஆர்ம் இயந்திரத்தில் இந்த ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பைக் கட்டாயம் பாருங்கள். அந்த வடிவமைப்பில் டிராப் என்பது விருப்ப வசதிதான், பல சிப்புகளில் அது இல்லவே இல்லை. மைனஸ் 1 வந்தால் பொறி வைக்க இடமே இல்லை என்று பொருள். எக்ஸ்86 இயந்திரத்தில் சோதனையை ஓட்டுங்கள்.

விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ டிபக் பில்டுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. அது ஸ்டேக் மாறிகளை 204 என்ற பைட்டாலும் ஹீப்பை 205 என்ற பைட்டாலும் நிரப்புகிறது. டபுளில் மைனஸ் 9.2559631349317831 × 10⁶¹ என்று கண்டால் ஸ்டேக் மாறி. மைனஸ் 6.2774385622041925 × 10⁶⁶ என்றால் ஹீப். இந்த இரண்டு எண்களையும் மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொள்வது தப்பில்லை.

பொறியில் விழுந்த பின்

ஜிடிபி டிபக்கரில் ஓட்டுங்கள். சிக்எஃப்பிஇ வந்து நின்றதும் ‘பேக்டிரேஸ்’, பிறகு அந்த வரியில் உள்ள ஒவ்வொரு மாறியையும் ‘பிரிண்ட்’. அடைப்புக்குறிக்குள் 4-க்குப் பின் பன்னிரண்டு பூஜ்யம் வரும் பதினாறடிமான எண்ணோடு நேன் என்று காட்டினால், அது கம்பைலர் நிரப்பிய சிக்னலிங் நேன், குற்றவாளி அதுதான். 4-க்குப் பதில் 8 என்றால் குவைட் நேன். அது எங்கோ முன்னால் நடந்த கணக்கில் பிறந்து வந்திருக்கிறது, இன்னும் பின்னோக்கித் தேட வேண்டும்.

நின்ற வரி பயன்படுத்திய இடம்தான், மறந்த இடம் அல்ல. சிக்னலிங் நேனை வெறுமனே நகலெடுத்தால் எக்ஸ்86-ன் எஸ்எஸ்இ ஆணைகளில் எதுவும் எழும்பாது. மூன்று ஸ்ட்ரக்ட் தாண்டிப் போய், முதல் பெருக்கலில்தான் வெடிக்கும். 32 பிட் பில்டில் பழைய எக்ஸ்87 அடுக்கு பயன்பட்டால் கதை மாறும்: அங்கே மாறியை ஏற்றும்போதே விதிவிலக்கு எழும், நேனும் குவைட்டாக மாறிவிடும்.

பொய்ப் பொறிகள்

மூன்று காரணங்கள் அடிக்கடி வரும்.

லாபேக் (நேரியல் இயற்கணித நூலகம்): அதன் ‘ஐட்ரிபிள்இ-செக்’ ரூட்டீன், இயந்திரம் நேனையும் முடிவிலியையும் ஒழுங்காகக் கையாள்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றே பூஜ்யத்தால் வகுத்துப் பார்க்கும். சில ஐகன் மதிப்பு ரூட்டீன்களை அழைத்தால் அது உள்ளே ஓடி உங்கள் புரோகிராம் சாகும். லாபேக்கில் தவறில்லை. அந்த அழைப்புக்கு முன் ‘எஃப்இ-டிசேபிள்-எக்செப்ட்’, பின் மறுபடி எனேபிள். ஃபோர்ட்ரானில் ‘ஐட்ரிபிள்இ-செட்-ஹால்டிங்-மோட்’ இதே வேலையைச் செய்யும்.

க்ளாங்: மிதப்புப் புள்ளி விதிவிலக்கை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பதே அதன் இயல்பான அனுமானம். மேம்படுத்தலில் இஃப்புக்குள் இருக்கும் கணக்கை வெளியே இழுத்து முன்கூட்டியே செய்துவிடலாம். பயன்படாத கணக்கு டிராப் ஆகும். ‘எஃப்-டிராப்பிங்-மேத்’ கொடுங்கள்.

ஃபாஸ்ட்-மேத்: இது எதிர்த்திசைப் பிரச்சினை. நேன் என்பதே வராது என்று கம்பைலருக்கு வாக்குக் கொடுக்கும் ஆப்ஷன் இது. ‘இஸ்நேன்’ சோதனையையே எப்போதும் பொய் என்று மடக்கிவிடும். பில்டு 2-ல் இது ஒரு ஃபைலிலும் இருக்கக் கூடாது. மேம்படுத்தலோடு ஓட்டியே ஆக வேண்டிய நிலை என்றால் ஜிசிசியில் ‘எஃப்-சிக்னலிங்-நேன்ஸ்’ சேர்க்கவும், இல்லாவிட்டால் 1.0-ஆல் பெருக்குவது போன்றவற்றை நீக்கி, டிராப்பையும் கூடவே நீக்கிவிடும்.

நேனால் எட்ட முடியாத இடம்: வால்கிரிண்ட், மெமரி சானிடைசர்

ஹீப்பில் மால்லாக் செய்தது, பாதி நிரம்பிய அரே, மூன்றாம் தரப்பு நூலகம் இவற்றுக்கு வால்கிரிண்ட் என்ற சோதனைக் கருவியின் மெம்செக் பகுதி கைகொடுக்கும். மறு கம்பைல் தேவையில்லை, ஜி இருந்தால் போதும். ஒவ்வொரு பிட்டுக்கும் ‘மதிப்பு போடப்பட்டதா’ என்ற நிழல் பிட்டை வைத்துக்கொண்டு ஓடுவதால் வேகம் 20, 30 மடங்கு குறையும். சின்ன உள்ளீட்டோடு ஓட்டுங்கள்.

கூட்டல் பெருக்கல் நடக்கும்போது மெம்செக் எதுவும் சொல்லாது. அந்த மதிப்பை நம்பி ஒரு இஃப் திரும்பும்போதோ, முகவரியாகப் பயன்படும்போதோ, சிஸ்டம் காலுக்குப் போகும்போதோதான் சொல்லும். எண் கணக்கில் அந்த இடம் பெரும்பாலும் பிரிண்ட்எஃப்புக்குள் இருக்கும். அதைப் பார்த்து நூலகத்தின் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ‘டிராக்-ஆரிஜின்ஸ்=எஸ்’ (இதற்கு மட்டும் முன்னால் இரண்டு கோடு) கொடுத்தால் குப்பை எந்த ஸ்டேக்கில், எந்த மால்லாக்கில் பிறந்தது என்று காட்டும். வேகம் இன்னும் பாதியாகும், ஆனால் அது இல்லாமல் தேடுவது வீண்.

பில்டு 2-ன் புரோகிராமை வால்கிரிண்டில் ஓட்டாதீர்கள். நேனால் நிரப்பிய மாறி மெம்செக்குக்கு ‘மதிப்பு உள்ள’ மாறி. மேலும் வால்கிரிண்ட் மிதப்புப் புள்ளி டிராப்புகளை ஆதரிப்பதே இல்லை. இனிட் ஆப்ஷன் இல்லாத மூன்றாவது பில்டு ஒன்று இதற்கு வேண்டும்.

மெமரி சானிடைசர் க்ளாங்கோடு வருவது, ஜிசிசியில் இல்லை. வேகம் மூன்று மடங்குதான் குறையும். விலை என்னவென்றால், இணைக்கும் ஒவ்வொரு நூலகமும், சி++ நிலைநூலகம் உட்பட, அதே ஆப்ஷனோடு கம்பைல் ஆகியிருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் பொய் அறிக்கைகள் கொட்டும். வெளிநூலகம் அதிகம் இல்லாத கோடுக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்போம்.

திருத்தும்போது

எல்லா மாறிக்கும் அறிவிக்கும்போதே 0.0 போட்டுவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். சி-யில் அப்படிச் செய்தால் எச்சரிக்கை போய்விடும், டிராப்பும் வராது. தவறான கிளையில் போய்ப் பூஜ்யத்தைப் பயன்படுத்தும் பிழை மட்டும் உள்ளேயே தங்கிவிடும். க்ளாங்-டைடியின் ‘இனிட்-வேரியபிள்ஸ்’ சோதனை, மிதப்புப் புள்ளி மாறிக்குத் தானாகத் திருத்தம் செய்யும்போது பூஜ்யத்தைப் போடாமல் நேனைப் போடுவது இதனால்தான். டி மொழி இன்னும் ஒரு படி மேலே போய், மதிப்பு சொல்லாத எல்லா மிதப்புப் புள்ளி மாறியையும் நேனாகவே தொடங்குகிறது. சரியான மதிப்பு தெரிந்தால் அதை எழுதுங்கள். தெரியாவிட்டால் அறிவிப்பை, முதல் மதிப்பு கிடைக்கும் வரிக்கே இறக்கி எழுதுங்கள்.

ஃபோர்ட்ரானில் இதைவிட மோசமான குழி ஒன்று உண்டு. சப்ரூட்டீனுக்குள் ‘ரியல் :: தொகை = 0.0’ என்று அறிவிப்பு வரியிலேயே மதிப்பு போட்டால், அந்த மாறிக்குத் தானாகவே ‘சேவ்’ பண்பு ஒட்டிக்கொள்ளும். பூஜ்யம் புரோகிராம் தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான். இரண்டாவது அழைப்பில் முந்தைய அழைப்பின் தொகையே தொடரும். எந்தக் கருவியும் அதை ‘மதிப்பில்லாத மாறி’ என்று காட்டாது, ஏனென்றால் அதில் மதிப்பு இருக்கிறது. அறிவிப்பைத் தனியாக விட்டு, செயல் வரிகள் தொடங்கும் இடத்தில் ‘தொகை = 0.0’ என்று எழுதுங்கள்.